தவளையாரை யார் பார்க்கலாம்

அரங்கத்தின் வாசலில் மாட்ட இரண்டே பலகைகள்தான் உண்டு. ஒன்றில் 'அனைவரும் பார்க்கலாம்', மற்றதில் 'பெரியவர்களுக்கு மட்டும்'. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் தானே ஏணியில் ஏறி முதல் பலகையை மாட்டினார். சீட்டியடித்துக்கொண்டே உள்ளே வந்து ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார். தவளையார் வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே சீட்டி நின்றுவிட்டது.

"வந்திருக்கிற பெரிய மனுஷங்களுக்கு ஒரு கேள்வி," என்றார் தவளையார். "பொண்டாட்டி பக்கத்துல இருக்காங்களா, இல்ல நிஜமாவே சிரிக்கலாமா?"

இதுவாவது பரவாயில்லை. அடுத்துத் தன் மாமியாரின் குளியலறையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. இந்தக் கதையை வீட்டில் நாலு பேர் படிப்பார்கள்.

தவளையார் ஒரு கைப்பொம்மை. பச்சைத் துணி, பிதுங்கிய இரண்டு கண்கள், காதுவரை கிழிந்த வாய். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் அதற்குள் இருந்த கை ஒரு பொம்மலாட்டக்காரருடையது. இப்போது இருப்பது அவருடைய மகளின் கை. ஊர் ஊராக அவளுக்கு நல்ல கூட்டம். அவளைத் தேடிப் பிடித்து, இந்த அரங்கத்துக்கு அழைத்து, "குழந்தைகளுக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி கிடையாது" என்று கமிட்டித் தலைவரிடம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர் நம் மேனேஜர்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. ஏழு, எட்டு, ஒன்பது வயதுகளில், மூன்று கோடை விடுமுறைகளிலும், அப்பா அவரைத் தவளையாரிடம் கூட்டிப்போனார். அந்த அப்பா சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாத மனிதர். தபால் நிலையத்தில் எட்டு மணி நேரம் முத்திரை குத்திவிட்டு வந்து, செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். மற்ற பையன்களுக்கு அவர்கள் அப்பாக்கள் கதை சொல்வார்கள். இவருக்குச் சொன்னதில்லை. அந்தக் குறை மேனேஜருக்கு இன்றுவரை உண்டு. அப்பா இறந்த அன்றுகூட அதைத்தான் நினைத்து அழுதார்.

அதற்கு ஈடாக இருந்தது தவளையார் ஒருத்தர்தான். நெரிசலில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அந்தப் பொம்மையைப் பார்த்த மூன்று மாலைகள். தவளையார் தனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்வதுபோல அத்தனை பக்கத்தில் கேட்கும். வீட்டுக்கு வந்தபிறகும் காது குறுகுறுக்கும். தன் மகளுக்கு ஏழு வயதாகட்டும் என்று காத்திருந்தார். ஆகிவிட்டது. 'பெரியவர்களுக்கு மட்டும்' என்ற பலகையை மாட்டினால் மகளைக் கூட்டிவர முடியாது. தன் வாழ்க்கையின் மூன்று நல்ல மாலைகளும் ஆகாத சமாச்சாரம் என்று தானே எழுதிக் கொடுத்ததுபோலவும் ஆகும்.

ஒத்திகையை நிறுத்தச் சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து பொம்மலாட்டக்காரி எழுந்து வந்தாள். தவளையாரும் கூடவே வந்தார், கையில்.

"என்னம்மா இப்படி மாத்திட்டீங்க? உங்கப்பா காலத்துல எவ்வளவு நல்லா இருந்தது."

"ஒரு வார்த்தை மாத்தலையே சார். அப்பா போட்டது மொத்தமே ஒரே நாடகம்தான், 'தவளையாரும் மாமியாரும்'. மாத்தினா ஜனங்க அடிக்க வருவாங்க."

மேனேஜர் நம்பவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு அக்காவுக்கு போன் போட்டார். அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவள், வேறு ஊரில் ஆசிரியை. அந்த மூன்று கோடையிலும் அவளும் உடன் வந்தவள். தவளையார் ஞாபகம் இருக்கிறதா, குழந்தைகளுக்கு ஏற்றதுதானே என்று கேட்டார். மறுமுனையில் அவள் சிரிக்க ஆரம்பித்து, சிரித்து முடிக்க முடியாமல், நாளைக்கு வருகிறேன், எனக்கும் ஒரு இடம் பிடித்து வை என்று சொல்லி வைத்துவிட்டாள். சிரிப்பு என்றால் நல்ல ஞாபகம்தானே. மேனேஜர் பலகையை அப்படியே விட்டார்.

பலகையை மாற்றாவிட்டால் நாடகத்தைத்தான் மாற்ற வேண்டும். வேண்டாத வார்த்தை வரும் இடத்திலெல்லாம் மணி அடிக்கலாம் என்றார். பொம்மலாட்டக்காரி சாதுவாக ஒப்புக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அரை மணி நேரத்தில் ஐம்பத்திரண்டு மணி. அதுவரை சும்மா பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு அம்மாள் துடைப்பத்தை வைத்துவிட்டு, முதல் வரிசையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். விளக்குக்காரர் மேலேயிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"சார், அந்தப் பதினாலாவது மணி என்ன வார்த்தைன்னு மட்டும் சொல்லிடுங்க. நான் நினைச்சதுதானா?"

அவர் நினைத்தது தவளையார் சொன்னதைவிட மோசம். மணியைக் கைவிட்டார்கள்.

பிறகு காய்கறிக்கு வந்தார் மேனேஜர். கெட்ட வார்த்தைக்குப் பதில் ஒரு காய்கறியின் பெயர். கேட்பதற்கு எவ்வளவு ஆரோக்கியம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு மகளும் வந்துவிட, அவளையே நீதிபதியாக உட்கார வைத்து ஒத்திகை நடந்தது. "அட முள்ளங்கி, உங்கம்மா ஒரு பூசணி" என்று தவளையார் முழங்க, குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜருக்கு மனசு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி இரவுச் சாப்பாடுவரைகூடத் தாங்கவில்லை. மனைவி தட்டில் முள்ளங்கிப் பொரியலை வைத்ததும் மகள் அதிர்ச்சியாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்க கெட்ட வார்த்தையை சமைச்சிருக்கீங்க."

அடுத்த வீட்டு மாமியை அன்று மாலை அவள் 'சுரைக்காய்' என்று கூப்பிட்டதும், அதை எப்படிப்பட்ட முகபாவத்தோடு கூப்பிட்டாள் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. மனைவி நாளைக்கு எந்தப் பலகை மாட்டப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். மேனேஜர் காய்கறியைத் தொடாமல் சாப்பிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை காலையில் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இவர்கள் மறந்துவிட்டால் என்ன, தனக்குத்தான் மனப்பாடமாக இருக்கிறதே. தவளையாருக்கு ஜலதோஷம் பிடித்துக் குரல் போய்விடுகிறது. நாயிடம் குரலைக் கடன் கேட்டு வாங்குகிறார், குரைப்புதான் வருகிறது. ஆட்டிடம் வாங்குகிறார், கத்தல் வருகிறது. கடைசியில் யாரிடமும் வாங்காமல் பேசாமலே இருந்து பார்க்கிறார். அவருடைய குட்டித் தவளைக்கு மட்டும் அவர் சொல்வதெல்லாம் புரிகிறது. மேனேஜர் சொல்லச் சொல்லப் பொம்மலாட்டக்காரி எழுதிக்கொண்டாள். கடைசி இடத்தை இரண்டு தரம் சொன்னார்.

"நல்ல கதை சார்," என்றாள் அவள். "ஆனா இது எங்கப்பா போட்டதில்லை. சத்தியமா இல்லை."

"எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கும்மா."

"உங்க அரங்கம், உங்க இஷ்டம். தவளையார் சம்மதிக்கணும்."

ஆறு மணிக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. பாதிக்குப் பாதி குழந்தைகள். கமிட்டித் தலைவர் பேரன் பேத்தியோடு முதல் வரிசையில். மூன்றாவது வரிசையில் மேனேஜர், மடியில் மகள், பக்கத்தில் அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கி வந்த அக்கா. மனைவி வரவில்லை. அடுத்த வீட்டு மாமியைச் சமாதானப்படுத்தப் போயிருந்தாள்.

திரை விலகியது. தவளையார் தும்மினார். நாயிடம் போனார். மேனேஜர் ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்துக்கொண்டே பார்த்தார். வார்த்தை எல்லாம் சரி, வரிசையும் சரி, ஆனால் ஏதோ ஒன்று இல்லை. அந்தப் பழைய குறுகுறுப்பு வரவேயில்லை. பத்து நிமிடத்தில் தலைவரின் பேரன் தூங்கிவிட்டான். பின்வரிசையிலிருந்து பெரியவர்கள், "மாமியார் எங்கேப்பா?" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

தவளையாருக்கு அது போதும். ஆட்டின் வாசலில் நின்றிருந்தவர் சபையைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்திருக்கிற பெரிய மனுஷங்களுக்கு ஒரு கேள்வி..."

அரங்கம் அதிர்ந்தது. குளியலறை வரப்போகிறது என்று மேனேஜருக்குத் தெரியும். எழுந்து ஓடித் திரையை இழுக்கலாம் என்றால் மடியில் குழந்தை. யோசிக்க நேரமில்லை. இரண்டு கைகளாலும் மகளின் காதுகளைப் பொத்தினார். ஆனால் கண் எதிரே தவளை வாயை வாயைத் திறக்கிறதே, என்ன சொல்கிறது என்று கேட்பாளே. விரல் இடுக்கில் வாயை வைத்து, தவளைக் குரலில், தானே சொல்ல ஆரம்பித்தார். "ஆட்டுக்காரம்மா, ஆட்டுக்காரம்மா, உங்க குரலை ஒரே ஒரு சாயங்காலம் கடன் குடுங்க..." மேடையில் தவளையார் மாமியாரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "பாருங்க, என் கைகூட நடுங்குது," என்றார் மேனேஜர் காதுக்குள். மாமியார் விளக்குமாற்றால் ஒரு போடு போட்டாள். "ஐயோ, ஆடு முட்டிடுச்சே," என்றார்.

மகள் சிரித்தாள். கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல், உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். தன் அப்பா பேசுகிறார் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. நாளைய காட்சிக்கு ஏணியைப் போட்டுப் பலகையை மாற்றிவிட வேண்டும், தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தவளையாரைப் பற்றி வீட்டில் இனி மூச்சு விடக்கூடாது என்று உள்ளே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. குட்டித் தவளையின் இடத்துக்கு வந்தபோது மட்டும் அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது.

திரை விழுந்தது. பெரியவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தலைவர் தூங்கும் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். மகள் மடியிலிருந்து குதித்து, குட்டித் தவளையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று மேடையை நோக்கி ஓடினாள். மேடையில் குட்டித் தவளை என்று ஒன்று இல்லவே இல்லை.

மேனேஜர் ஓய்ந்துபோய் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் இவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னக்கா, நீயே சொல்லு. நாம பார்த்தப்போ இப்படியா இருந்தது? ஜலதோஷக் கதைதானே போட்டாங்க?"

"அந்தக் கதையை மேடையில யாரும் போட்டதே இல்லைடா," என்றாள் அக்கா. "மூணு வருஷமும் உன் காதைப் பொத்திக்கிட்டு அதைச் சொன்னது அப்பா."