வீரம்மாவுக்கு வாங்காமல் விட்ட டிக்கெட்

ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
14-6-1934, வியாழக்கிழமை.

கிள்ளானில் வாழும் மகா கனம் பொருந்திய மைத்துனர் பழனியப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை புருஷன் ரெங்கசாமி பணிவுடன் எழுதிக்கொண்டது. அவ்விடம் தாங்களும் நல்லம்மாள் அக்காவும் சுகமென்று நம்புகிறேன். இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இவ்விடம் எல்லோரும் என்றால் இப்போது நான் ஒருவன்தான், நானும் சுகமாயில்லை.

தங்கள் தங்கை சீதாலெட்சுமி திங்கட்கிழமை மத்தியான ரயிலில் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். வந்து என்ன சொன்னாள், எதையெதைச் சொல்லாமல் விட்டாள் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருஷத்தில் என்னை விட்டுவிட்டு அவள் தனியாக ரயிலேறியது இதுதான் முதல் தடவை. நான் குதிரைப் பந்தயக்காரனாகிவிட்டேன் என்று தாங்கள் நினைத்திருந்தால், மச்சான், முருகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இன்றுவரை எந்தக் குதிரைமேலும் நான் ஒரு காசு கட்டியவனில்லை. அம்பாங் ரோட்டுப் பந்தயத் திடலுக்குப் போவதுண்டு, அதை மறைக்கவில்லை. ஏன் போகிறேன் என்பதைத் தாங்கள் பொறுமையாகக் கேட்டு, சீதாவை எப்படியாவது சமாதானம் செய்து அனுப்பிவைக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எனக்குக் கூட்டாளிகள் மூன்று பேர். செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் தம்புசாமி கணக்குக்காரர். எந்தக் குதிரை போன மாதம் எத்தனை நிமிஷத்தில் ஓடியது, ஜாக்கி எத்தனை ராத்தல், முந்தின நாள் மழையா வெயிலா, எல்லாம் நீள நோட்டில் இருக்கும். மூத்த மகன் பிறந்த தேதியைக் கேட்டால் மட்டும் விழிப்பார். இவ்வளவு எழுதியும் தோற்பார், தோற்றதும் “என் கணக்கு சரிதான் ரெங்கு, குதிரைதான் தப்பா ஓடிருச்சு” என்று குதிரைக்காக வருத்தப்படுவார். ரயில்வே டிக்கெட் கலெக்டர் பக்கிரிசாமி நேர் எதிர். எதில் கட்டினான் என்று ஓட்டம் முடியும்வரை வாயைத் திறக்க மாட்டான். முடிந்ததும், ஜெயித்தது எதுவோ அதில்தான் கட்டினேன் என்பான். எட்டு வருஷமாக இப்படி ஜெயித்துக்கொண்டே இருக்கிறவன், வீடு திரும்ப பஸ்ஸுக்கு என்னிடம்தான் சில்லறை கேட்பான். மூன்றாமவர் சாப்பாட்டுக்கடை கிஃபாயத்துல்லா பாய். சூது ஹராம், கட்டவும் மாட்டேன் பார்க்கவும் மாட்டேன் என்று திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. குதிரையைப் பார்க்காமல் ஜனங்களின் மூஞ்சியைப் பார்ப்பார். யார் யார் ஜெயித்தார்கள் என்று பலகையில் நம்பர் ஏறுமுன் சொல்லிவிடுவார். தோற்றவனுக்கு அவர் கடையில் கோப்பி இலவசம், ஜெயித்தவனுக்கு இரட்டை விலை. இத்தனை நல்ல மனுஷர்களைத் தாங்கள் கிள்ளானில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், டிக்கெட் வாங்கிக் கொடுக்கிற ஆளாக வந்தேன். முன்பு தம்புசாமி தன் பணத்தைப் பக்கிரிசாமியிடம்தான் கொடுத்தனுப்புவார். ஒரு தடவை டிக்கெட் ஜன்னல்கிட்டே போனதும் பக்கிரிசாமிக்குப் புத்தி மாறி, தம்புசாமி காசையும் தன் குதிரையிலேயே கட்டிவிட்டான். இரண்டு பேரும் ஆறு மாதம் பேசவில்லை. அதற்கப்புறம்தான், குதிரை ஆசையே இல்லாத ஒருத்தன் வேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள். சும்மா இருந்த என் பெயர் இப்படித்தான் திடலில் அடிபட்டது.

எங்கள் பின்சந்தில் மாடு வைத்துப் பால் ஊற்றும் வீரம்மாவும் என்னிடம்தான் காசு கொடுப்பாள். உள்ளே வரமாட்டாள், பால் தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பாள். ஜெயிக்கிற குதிரையை ஊரே தேடும்போது இவள் மட்டும் போன ஓட்டத்தில் கடைசியாக வந்த குதிரைதான் வேண்டுமென்பாள். கேட்டால், ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே பாடம் சொல்வதுபோல், “கடைசியா வந்ததுக்கு வேற யாரு இருக்கா கிராணி ஐயா? நாமதான் கட்டணும்லா” என்பாள். குதிரைக்கு அநாதை ஆசிரமமா நடத்துகிறாள்? எந்த அறிவுகெட்டவளிடம் இந்த யோசனையைக் கற்றுக்கொண்டாளோ தெரியாது. இரண்டு வருஷமாக அவள் சொன்ன குதிரைகளெல்லாம் மறுபடியும் கடைசியாகத்தான் வந்தன. ஒரு டிக்கெட் ஐந்து வெள்ளி, மச்சான். அவள் எத்தனை வீட்டுக்குப் பால் ஊற்றினால் ஐந்து வெள்ளி சேரும்!

போன சனிக்கிழமை அவள் சொன்னது ஒன்பதாம் நம்பர், லேடி டெய்சி என்று ஒரு செவலைக் குதிரை. போன தடவை அது வந்து சேர்வதற்குள் பாதி ஜனம் கோப்பி குடிக்கப் போய்விட்டது. வரிசையில் நின்றபோது என் மனசு கேட்கவில்லை. பாவம், பொம்பளை காசு, இதைப் போய்த் தண்ணீரில் போடுவானேன் என்று நினைத்துத் தம்புசாமிக்கு மட்டும் டிக்கெட் வாங்கிவிட்டேன். வீரம்மாவின் ஐந்து வெள்ளியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். ஓட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்து, நாலு புத்தி சொல்லலாம் என்று இருந்தேன். என்ன புத்தி சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஐயோ மச்சான், அந்தக் குதிரைக்கு அன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை! முதல் வளைவில் நடுவில் வந்தது, சரி போகட்டும் என்றிருந்தேன், இரண்டாம் வளைவில் மூன்றாவதாக வந்தது, எனக்கு வேர்த்துவிட்டது, அப்புறம் முன்னால் போன இரண்டையும் தள்ளிக்கொண்டு அது வருகிறது, வேலிக்கு வெளியே வீரம்மா பால் தூக்கைத் தட்டித் தட்டிக் கத்துகிறாள், நான் பெஞ்சுமேல் ஏறி நின்று குடையை ஆட்டிக்கொண்டு, “விழுடி! நில்லுடி! சனியனே, எங்கடி ஓடுற?” என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அத்தனை ஜனத்தில் ஒரு குதிரை தோற்கவேண்டும் என்று கத்தினவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாய் என் மூஞ்சியைப் பார்த்துக் குழம்பிவிட்டார். “என்ன தம்பி இது, கத்துறதைப் பார்த்தா ஜெயிக்கிற மாதிரி இருக்கு, மூஞ்சிய பார்த்தா செத்த வீடு மாதிரி இருக்கே!” என்றார். ஒன்பதாம் நம்பர் ஒரு குதிரை நீளத்தில் ஜெயித்தது. அதில் கட்டினவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால், ஐந்து வெள்ளிக்கு எண்பது வெள்ளி.

வேலிக்குப் போய் வீரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “ஐயோ, எனக்கு மட்டும்னா பரவாயில்லையே” என்றவள் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கும் சேர்த்து வருத்தப்படுகிறாளே, எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து சீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். “டிக்கெட்டே வாங்கலையா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வாங்கலை என்றேன். “வாங்குன்னு காசு கொடுத்தா வாங்கணும். நல்லது கெட்டது பார்க்கச் சொல்லி உங்களை யாரு கேட்டா?” என்றாள். தோசை கருகியது. கையிலிருந்த தங்கக் காப்பு இரண்டையும் கழற்றி மேசையில் வைத்து, “இதை அடகு வச்சு வீரம்மாவுக்கு எண்பது வெள்ளி கொடுங்க. ஒரு காசு குறையக் கூடாது” என்றாள். அப்பேர்ப்பட்ட நியாயக்காரி, மச்சான்! பின்சந்துப் பால்காரிக்காகத் தன் காப்பைக் கழற்றிக் கொடுத்தவளை நான் எங்கே போய்த் தேடுவேன்? திங்கட்கிழமை காலை அடகுக்கடைக்குப் போய்ப் பணம் வாங்கி, வீரம்மா கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். சீதா கிள்ளானுக்குப் போய்விட்டாள் என்கிறார்கள்.

மூன்று நாளாய்ப் பாய் கடையில்தான் சாப்பாடு. தோற்றவன் என்று காசு வாங்க மாட்டேன் என்கிறார். உப்பு எந்த டப்பாவில், துவைத்த வேட்டி எந்தப் பெட்டியில் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. அதெல்லாம்கூடப் போகட்டும். தினமும் ஆபீசில் நடக்கிறதை இனி யாரிடம் போய்ச் சொல்வது? அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சூதாட்டம் நடக்கிற இடத்தில் புருஷன் கால் வைத்ததால்தான் அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆகையால் அந்தத் திடல் பக்கம் இனி நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன். தம்புசாமி தன் டிக்கெட்டைத் தானே வாங்கிக்கொள்ளட்டும். காப்பை இரண்டு மாதச் சம்பளத்தில் மீட்டுவிடுவேன். இதைத் தாங்கள் சீதாவிடம் சத்தம்போட்டுப் படித்துக் காட்டவும்.

தங்கள் வீட்டில் சகல செல்வமும் நிறையவும், நல்லம்மாள் அக்காவின் முட்டிவலி குறையவும், நான் ஆபீசிலிருந்து வரும்போது என் வீட்டுக் கதவை உள்ளேயிருந்து ஒருத்தி திறக்கவும் கடவுள் கிருபை செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
ரெங்கசாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து சீதாவிடம் படிக்க வேண்டாம். “அறிவுகெட்டவள்” என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதை இப்போதே மை ஊற்றி அழித்துவிடவும். கடிதத்தை உறையில் போடப்போகும்போது வீரம்மா பால் கொண்டுவந்தாள். அம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டாள். நான் பந்தயத்துக்குப் போனதால் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றேன். “இன்னுமா உங்களுக்கு விளங்கல ஐயா? அந்த டிக்கெட்டுல பாதிக் காசு அம்மாவோடது. ரெண்டு வருஷமா குதிரை சொல்றதே அவங்கதான். நீங்க கொடுத்த எண்பதுல நாப்பதை அன்னைக்கே ஸ்டேஷன்ல அவங்க முந்தானையில முடிஞ்சுதான் அனுப்பினேன்” என்கிறாள். சீதா தன் காப்பைத் தானே அடகு வைக்கச் சொல்லித் தன் பங்கைத் தானே வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்! நான் திடலிலிருந்து வரும் நாளெல்லாம் கோப்பியைக் கையில் கொடுத்து, எந்தக் குதிரை வந்தது என்று கேட்பாள். எனக்குப் பொழுதுபோகக் கேட்கிறாள் என்று இருந்தேன். “காசு போனா போகுது, நான் சொன்ன குதிரையை அவரு நம்பலையே” என்று ஸ்டேஷனில் அழுதாளாம். வருகிற சனிக்கிழமையும் பந்தயம் இருக்கிறது. எத்தனாம் நம்பர் என்று சீதாவிடம் கேட்டு உடனே எழுதவும், அது மூன்று காலில் நொண்டினாலும் வாங்குகிறேன். இல்லை, தாங்கள் எழுத வேண்டாம். அவளே நாளை ரயிலில் வந்து என் மூஞ்சிக்கு நேரே சொல்லட்டும். சனிக்கிழமை அவளை வேலிக்கு உள்ளேயே கூட்டிக்கொண்டு போகிறேன்.