குழாய் நீலமாகத்தான் இருந்தது

எழுபதுகளின் கடைசியில், மேலகரத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாருடைய சிறுநீரும் குப்பி அண்ணாச்சியின் பார்வைக்குத் தப்பியதில்லை. தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். நான் அவருக்குக் கீழே. வீடும் அடுத்த வீடு. அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, ஒரு குப்பி நீல மருந்து வைத்திருந்தார். மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் எக்கச்சக்கம்.

தன் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், கேசரிக்கு முன்பே காலிக் குப்பியை நீட்டினார்.

"கூச்சப்படாதீங்க மாப்ளே, எட்டுச் சொட்டு போதும்."

வந்தவர்கள் அடுத்த செங்கோட்டை பஸ்ஸில் போய்விட்டார்கள். "சீக்குக்காரப் பய. இல்லன்னா ஏன் ஓடுதான்?" என்றார்.

என்னையும் விடவில்லை. என்னுடையது செங்கல் நிறமானது. அன்றைக்கே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப்போனார். ரத்தத்தைச் சோதித்து, வியாதி உண்மைதான் என்றார் டாக்டர். எனக்கு வயது முப்பத்திரண்டு.

அண்ணாச்சியின் குழாய் மட்டும் தினமும் நீலம். அதை நம்பி மாத்திரையைப் பாதியாக்கினார், பிறகு நிறுத்தியேவிட்டார். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், "கண்ணு முன்னால நீலமா நிக்கி. ஊசி எதுக்குலே?" என்பார்.

ஒரு சாரல் காலத்தில் ஐந்தருவிப் பாறை அவர் கால் பெருவிரலைக் கிழித்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. வலி இல்லை என்று சந்தோஷப்பட்டார். விரல் கறுத்தது. வீட்டுக்குள் நுழைந்தாலே வாடை அடித்தது.

"நீங்களாவது சொல்லுங்க தம்பி," என்று அவர் மனைவி அழுதார். "நான் சொன்னா குழாயத் தூக்கிக் காட்டுதாவ."

வாடகைக் கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். ரத்தத்தில் சர்க்கரை மிக அதிகம். அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை.

"காலைல பாத்தேன் டாக்டர். நீலமால்லா இருந்துது?"

"இருந்திருக்கும். வியாதி நாள்பட்ட சிலருக்கு, ரத்தத்துல ரொம்ப ஏறினாலும் மூத்திரத்துல எறங்காது. குழாய் மூத்திரத்தப் பத்தித்தான் சொல்லும். ரத்தத்தப் பத்தி அதுக்குத் தெரியாது."

அண்ணாச்சி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குச் சரியாச் சொல்லிச்சேலே. எனக்கு ஏன் சொல்லல?"



அதன் பிறகு மூன்று வருடம் இருந்தார். மாதம் ஒருமுறை நாங்கள் இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கத் திருநெல்வேலி போவோம். ஆலங்குளம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். பஸ் நிற்கும்வரை நான் அந்தத் தோளை அசைக்க மாட்டேன்.