பெட்ரோலுக்கு ஒரு மணி நேரம்

இனிமேல் தன் வண்டியில் இருக்கும் பெட்ரோலை ஒரு நாளும் சும்மா நிற்க விடுவதில்லை என்று ஸ்டோர்கீப்பர் முடிவெடுத்தார். எடுத்த இடம் மெக்கானிக் ஷெட். எடுத்த நேரம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். உண்மையான காரணம் அந்த ஷெட்டின் மூலையில் பவுடர் தூவிப் பளபளவென்று கிடந்த கேரம் போர்டு. ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே கூடப் பாதிதான் சொல்லிக்கொண்டார்.

நடந்தது இதுதான். அவர் வேலை பார்க்கும் மருந்து மொத்தக் கடை மூன்று தெரு தள்ளி இருக்கிறது. நடந்தே போய்விடுவார். பதினான்கு வயதான மோட்டார் சைக்கிள் ஞாயிறு மட்டும் வெளியே வரும். தொடர்ந்து மூன்று ஞாயிறு மழை. நாலாவது ஞாயிறு நாற்பது உதை உதைத்தும் வண்டி இருமக்கூட இல்லை. தள்ளிக்கொண்டு போனார்.

மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் 'நட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். நட்டு கார்புரேட்டரைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். மேலே பெட்ரோல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்று.

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு சார். சும்மா நின்னா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அப்புறம் ரெண்டும் தனித்தனியாப் பிரிஞ்சு அடியில போய் உட்கார்ந்துடும். மாசக்கணக்கா நிறுத்தாதீங்க. அப்பப்ப ஓட்டுங்க."

'அப்பப்ப' என்ற சொல் ஸ்டோர்கீப்பரின் மண்டைக்குள் போய் 'தினமும் மாலை ஆறு முதல் ஏழு வரை' என்று மாறி வெளியே வந்தது. அந்த நேரத்தில்தான் ஷெட்டில் கேரம் நடக்கும். அதே நேரத்தில்தான் அவர் வீட்டில் வெங்காயம் உரிப்பதும் துணி மடிப்பதும் நடக்கும். ஆறு வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டு தவித்தார். நாளெல்லாம் மாத்திரை அட்டைகளின் காலாவதித் தேதியைப் பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு, ஒரு சிவப்புக் காய் குழியில் விழுவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கக் கூடாதா?

பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வாதாடுவதற்குச் சாட்சி வேண்டுமே.

மனைவி அப்போதுதான் வெந்நீர்ப் பேசினில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் இருப்பவள். மாதக் கடைசி என்றால் ஞாயிறும் வேலைதான். ஒரு நாளைக்கு நூறு வீடு, எல்லாம் நடை. சாயங்காலமானால் அந்தப் பேசின் இல்லாமல் முடியாது.

"இதைப் பாரு," என்று பாட்டிலை நீட்டினார்.

"என்னங்க இது? ரத்த டெஸ்டா?"

"பெட்ரோல். கெட்டுப் போச்சு. மருந்துக்கு மட்டும்தான் எக்ஸ்பைரி உண்டுன்னு நினைச்சியா? எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் ஓடணும். இல்லேன்னா இன்ஜின் போச்சு."

"தினமுமா?"

"தினமும்."

"ஒரு மணி நேரமா?"

"அம்பத்தஞ்சு நிமிஷம்னாகூடப் பத்தாது."

"எப்ப ஓட்டணும்?"

"சாயங்காலம்தான். ஆறு டு ஏழு. வெயில் தாழ்ந்து, ஈரம் ஏறுறதுக்கு முன்னாடி."

அவள் பாட்டிலை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்து, தண்ணீர் நின்ற கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பாவம், உங்களுக்கு எவ்வளவு சிரமம்," என்றாள். "யார் ஓட்டினாலும் சரிதானே? வண்டி ஓடினாப் போதும், இல்லியா?"

"போதும் போதும். ஆனா வேற யாரு இருக்கா ஓட்ட? நான்தான் ஓட்டணும். என் தலையெழுத்து."

பாட்டிலை அவள் சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டாள். ஸ்டோர்கீப்பர் வெற்றி என்று நினைத்தார். பெரிய வெற்றிகள் எல்லாம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது என்பது அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அந்த வாரம் அவர் வாழ்க்கையிலேயே நல்ல வாரம். ஆறு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, போர்க்களத்துக்குப் போகிற முகத்தோடு கிளம்புவார். எண்ணூறு மீட்டர் தள்ளி ஷெட்டில் இறங்குவார். அவரும் நட்டுவும் ஒரு கட்சி. தையல்காரரும் அவர் தம்பியும் எதிர்க்கட்சி. ஏழு மணிக்கு, களைத்துப்போன முகத்தை வழியிலேயே தயார் செய்துகொண்டு திரும்புவார். மனைவி தண்ணீர் கொடுப்பாள். வெங்காயம் அவளாகவே உரித்து வைத்திருப்பாள்.

எட்டாம் நாள் தண்ணீர் கொடுக்கும்போது கேட்டாள்.

"எந்தப் பக்கமா ஓட்டறீங்க?"

"ஊரைச் சுத்தி."

"சின்ன ஊரா இருக்கும் போல. போன திங்கள் காலையில உங்க வண்டி மீட்டர் நாப்பத்தோராயிரத்து இருநூத்திப் பதினாறு. இன்னிக்கு இருநூத்தி இருபத்தொம்பது. எட்டு நாள். எட்டு மணி நேரம். பதிமூணு கிலோமீட்டர். நடந்தே போயிருந்தா இதைவிடத் தூரம் போயிருக்கலாமே."

ஸ்டோர்கீப்பருக்குத் தண்ணீர் புரையேறியது. பதினேழு வருஷமாக வீடு வீடாகப் போய் எண்ணைப் படித்து வந்த ஒரு பெண் பிள்ளையின் கண்ணுக்கு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற எந்த எண்ணும் தப்பாது. இதை யோசிக்காமல் ஒரு மனுஷன் திட்டம் போடலாமா?

"நின்ன இடத்துல இன்ஜினை ஓட விட்டேன்," என்று சமாளித்தார்.

"அப்ப நம்ம வாசல்லயே ஓட விடலாமே. பக்கத்துல உட்கார்ந்து வெங்காயமும் உரிச்சுடலாம்."

"இல்ல இல்ல. அது சரிப்படாது. டேங்க் குலுங்கணும். நாளையிலிருந்து இருபது கிலோமீட்டர் ஓட்டறேன்."

வாயை விட்ட பிறகுதான் கணக்குப் போட்டார். இருபது கிலோமீட்டர் ஓட்டினால் கேரம் எப்போது ஆடுவது? ஆனால் ஸ்டோர்கீப்பர் லேசில் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் ஷெட்டில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சீட்டில் ஒரு பெரிய கல்லை ஏற்றினார். முன் சக்கரம் தூக்கிக்கொண்டது. மீட்டர் கேபிள் முன் சக்கரத்தில்தானே இருக்கிறது. இடது கையால் சக்கரத்தைச் சுற்றினார். வலது கையால் ஸ்ட்ரைக்கரை அடித்தார். ஒரு மணி நேரத்தில் முன்னூறு மீட்டர் ஓடியது. முழங்கை வீங்கியது. ஸ்ட்ரைக்கர் மூன்று முறை தையல்காரரின் டீ கிளாஸில் விழுந்தது.

நட்டுவுக்கே மனசு கேட்கவில்லை. "சார், நீங்க கஷ்டப்படறதைப் பாக்க முடியல. கேபிளைச் சக்கரத்துலேருந்து கழட்டி டிரில்லிங் மெஷின்ல மாட்டினா அதுபாட்டுக்கு ஓடும்."

ஸ்டோர்கீப்பர் அவனைக் கட்டிப்பிடிக்கப் போனார். கிரீஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஐந்து நாள் உலகமே ஒழுங்காகச் சுழன்றது. பன்னிரண்டு நிமிஷம் டிரில் ஓடினால் இருபது கிலோமீட்டர். நிறுத்திவிட்டு நிம்மதியாக ஆட்டம். மனைவி மீட்டரைப் பார்ப்பாள். தலையை ஆட்டுவாள். காலண்டர் ஓரத்தில் எண்ணைக் குறிப்பாள்.

ஆறாம் நாள் ஆட்டம் உச்சத்தில் இருந்தது. தையல்காரருக்கு ஒரே காய் பாக்கி. ஸ்டோர்கீப்பர் சிவப்பைப் போட்டாக வேண்டும், அது செல்ல அடுத்த அடியிலேயே ஃபாலோவாகத் தன் காய் ஒன்றும் விழுந்தாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். சிவப்பு விழுந்தது. ஃபாலோவும் விழுந்தது. ஷெட்டே எழுந்து நின்றது. டிரில் நிற்கவில்லை. யாருக்கும் அது ஞாபகமே இல்லை. ஏழு மணிக்கு அவசரமாகக் கேபிளை மாட்டிக்கொண்டு, சிரித்த முகத்தை மாற்றக்கூட மறந்து வீட்டுக்கு வந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மீட்டரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு மணி நேரத்துல தொண்ணூத்தி நாலு கிலோமீட்டர்."

"கொஞ்சம் வேகமாப் போயிட்டேன்."

"இந்த வண்டியிலயா?"

"எத்தனால் போட்டா நல்லா இழுக்குது."

அவள் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு துடைப்பக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தாள். குச்சியில் ஏற்கெனவே பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தது. ஈரம் அந்தக் கோட்டைவிட ஒரு மயிரிழைதான் கீழே இருந்தது.

"ஆறு நாளுக்கு முன்னாடி போட்ட கோடு," என்றாள். "மீட்டர் இருநூறு கிலோமீட்டருக்குக் கிட்ட ஓடியிருக்கு. பெட்ரோல் அங்கேயே உட்கார்ந்திருக்கு. பதினேழு வருஷ சர்வீஸ்ல மீட்டரை ஓடவிடாம நிறுத்தினவங்களைப் பார்த்திருக்கேங்க. சும்மா நின்ன மீட்டரை ஓடவிட்டவரை இப்பத்தான் பாக்கறேன்."

அவள் கத்தியிருந்தால் ஸ்டோர்கீப்பருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. உள்ளே போய்ப் பேசினில் காலை வைத்து உட்கார்ந்தாள். அவர் அந்தக் கால்களை அன்றுதான் சரியாகப் பார்த்தார். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடந்தது. அவர் கேரம் ஆடிய ஒவ்வொரு மாலையும் இந்தக் கால்கள் தெருத்தெருவாக நடந்துவிட்டுத்தான் இந்தத் தண்ணீருக்குள் வந்திருக்கின்றன. வெட்கமாக இருந்தது. அதை மறைக்க அவருக்குத் தெரியவும் இல்லை.

"தப்புதான்," என்றார்.

"எது தப்பு? பெட்ரோல் நிக்கக் கூடாதுங்கிறது உண்மைதானே? அந்தப் பாட்டிலை நானே பார்த்தேனே."

"உண்மைதான்."

"யார் ஓட்டினாலும் சரின்னீங்க."

"சொன்னேன்."

அவள் கைப்பையை எடுத்து உள்ளே இருந்து ஒரு அட்டையை நீட்டினாள். லைசென்ஸ். போட்டோவில் அவள் இப்போதைவிட இளமையாகவும், இப்போதைப் போலவே உறுதியாகவும் இருந்தாள்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி ஆபீஸ்ல எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேன். வண்டிதான் கிடைக்கல. நாளையிலிருந்து வண்டி என்கூட ரவுண்டுக்கு வரும். தினமும் முப்பது கிலோமீட்டர். உங்க பெட்ரோலும் கெடாது. என் காலும் கெடாது."

ஸ்டோர்கீப்பர் மனதாரத் தலையாட்டினார். மறுநாள் காலை அவரே வண்டியைத் துடைத்து, கண்ணாடியை அவள் உயரத்துக்குத் திருப்பி வைத்தார். அவள் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்துகொண்டு போனாள். அவருக்குக் கண் கலங்கியது. ஓரளவு பெருமையில்.

மீதி ஓரளவு வேறு யோசனையில். வண்டிதானே போனது? கால் இருக்கிறதே. எண்ணூறு மீட்டர் ஒரு தூரமா? ஆறு மணிக்கு முன்னாலேயே வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? அன்று கடையிலிருந்து ஓடி வந்தார். கண்ணில் நீர் வழிய வழிய உரித்தார். துணியை மடித்தார். மணி ஆறு. மனைவி இன்னும் வரவில்லை. வண்டிக்கு என்ன ஆச்சோ என்று போய்ப் பார்ப்பதுதானே ஒரு புருஷனுக்கு அழகு? அதுவும் எங்கே? வண்டிக்கு ஏதாவது ஆனால் ஷெட்டுக்குத்தானே வரும்?

ஷெட் வாசலில் அவர் வண்டி நின்றிருந்தது. நல்லபடியாகத்தான் நின்றிருந்தது. ஹேண்டிலில் அவள் பை தொங்கியது. உள்ளே நட்டுவுக்கு எதிரே, அவருடைய நாற்காலியில், அவள் உட்கார்ந்திருந்தாள். விரலில் பவுடர்.

"மீட்டர் பாக்க வந்தேங்க," என்றாள், போர்டிலிருந்து தலையைத் தூக்காமல். "இந்த ஷெட்ல போன வாரம் கரண்ட் கூடுதலா ஓடியிருக்கு. ஏதோ டிரில்லாம். அப்புறம் பாத்தா, எத்தனால் போட்ட வண்டி முப்பது கிலோமீட்டர் ஓடி வந்ததும் ஒரு மணி நேரம் ஆற வைக்கணுமாமே."

"யாரு சொன்னது?"

நட்டு ஒரு ஸ்பேனரை எடுத்துக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தான். தையல்காரர் கூரையைப் பார்த்தார். அவள் அடித்தாள். சிவப்பு விழுந்தது. ஃபாலோவும் அதன் பின்னாலேயே போய் விழுந்தது. ஸ்டோர்கீப்பர் அப்படி ஒரு அடியை அந்த ஷெட்டில் பார்த்ததே இல்லை.

"நீங்க வீட்டுக்குப் போய் வெந்நீர் வையுங்க. இன்னும் ரெண்டு ஆட்டம்தான், வந்துடறேன்."

அவருக்கு மனசு இளகிவிட்டது. "கால் இன்னும் வலிக்குதா?"

"கால் வலியெல்லாம் இன்னியோட போச்சுங்க. வெந்நீர் பாத்திரத்துக்கு. மதியத்துப் பாத்திரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, பச்சைத் தண்ணியில போகாது."