எண்ணெய்க் கறை பட்ட நோட்டு

"ஒரு பக்கத்துக்குக் குறையக் கூடாது" என்று ஆசிரியை சொன்னபோதே லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கை வியர்த்துவிட்டது. பன்னிரண்டாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுகூட வியர்க்காத கை அது.

ஃபோர்மேன் ஆக வேண்டுமானால் ரிப்போர்ட் எழுதத் தெரிய வேண்டும், கல்லூரி மாலை வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கி வா என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஐம்பது வயதில் எழுவாய், பயனிலை என்று உட்கார்ந்திருந்தார் மனிதர். பேச்சில் ஆளையே கவிழ்த்துவிடுவார். பேனாவை எடுத்தால் மூன்றாவது வரியில் மூச்சு வாங்கும்.

வீட்டுக்குப் போய் நோட்டை மனைவியிடம் நீட்டினார். "தலைப்பு 'என் வேலை'. கொஞ்சம் எழுதிக் குடேன்."

"படிக்கிறது நீங்களா, நானா?"

"இந்த ஒரு தடவைதான்."

அடுத்த வாரம் சிவப்பு மையில் 'மிக அருமை' என்ற குறிப்போடு நோட்டு திரும்பி வந்தது. ஓரத்தில் ஓர் எண்ணெய்க் கறை.

"சமைச்சிக்கிட்டே எழுதினியா?"

"அது என் கை பட்ட கறை இல்ல" என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு தடவை ஐந்து தடவை ஆயிற்று. ஆறாவது தலைப்பு 'என் மனைவி'. அதையும் அவளிடமே கொடுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கல்லூரி அட்டெண்டர் ஃபோனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "நாளைக்கு எல்லாரும் டீச்சர் கண்ணு முன்னாடியே எழுதணுமாம்."

மறுநாள் வலது கையில் பெரிய கட்டோடு வகுப்புக்குப் போனார்.

"அடடா, என்னாச்சு?"

"லிஃப்ட் கதவு இடிச்சிடுச்சு, டீச்சர்."

"பாவம், நீங்க எழுத வேண்டாம். போன வாரம் குடுத்த தலைப்புல எழுதிட்டு வந்ததை எழுந்து படிங்க. அதுக்குக் கை வேண்டாமே."

அவர் அதை ஒரு முறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. எழுந்து நின்றார்.

"நான் சரி செய்யாத லிஃப்ட் இந்த ஊரில் இல்லை. என் வீட்டுக் குழாய் ஒழுகுவது மட்டும் எனக்குக் கேட்டதில்லை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கோபம் வந்தால் என் மனைவி பேசமாட்டாள். அதை நான் நிம்மதி என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை."

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன நேர்மை! வீட்டுல நமக்காக உழைக்கிறவங்களை நாம யாருமே நினைச்சுப் பார்க்கிறதில்ல."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துப் போட்டார். முதலில் குழாயைச் சரி செய்தார். பிறகு அதே தலைப்பை மறுபடி எழுத நோட்டோடு உட்கார்ந்தார்.

"குடுங்க, எழுதித் தர்றேன்."

"வேணாம். தப்போ சரியோ, நானே எழுதுறேன்."

"சர்டிஃபிகேட் போயிடும். ஃபோர்மேன் வேலையும் போயிடும்."

"போனா போகட்டும்."

கால் பக்கம் எழுதவே மூன்று நாள் ஆயிற்று. 'இதுவரை வந்த ஆறு கட்டுரையும் என் மனைவி எழுதியது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று நேற்றுக் கேட்டேன். நீங்க கேட்டதே பிடிச்சிருக்கு என்றாள்.' அதற்கு மேல் அவருக்கு எழுத வரவில்லை.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. பக்கமெல்லாம் சிவப்பு. கடைசியில் ஒரு குறிப்பு: 'அந்த ஆறும் உங்களுடையவை அல்ல என்று முதல் கட்டுரையிலேயே தெரியும். இது உங்களுடையது. தேர்ச்சி.' பக்கத்திலேயே வழக்கமான எண்ணெய்க் கறை.

வகுப்பு முடிந்ததும் அவர் ஆசிரியையிடம் ஓடினார். "முதல்லயே தெரியுமா டீச்சர்? எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எதை?" என்றார் ஆசிரியை. நோட்டை வாங்கிக் குறிப்பைப் படித்தார். முகம் சிவந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

கதவைப் பூட்ட வந்த அட்டெண்டர் சிரித்தார். "அவங்களுக்கு எப்படி சார் தெரியும்? சமையலுக்கு நடுவுல உட்கார்ந்து நோட்டெல்லாம் திருத்துறது அவங்க வீட்டுக்காரர்தானே!"