நிரப்ப முடியாத நாற்காலி

ஓய்வு பெறுகிற வாத்தியாரை முதலில் புகழ வேண்டும், பிறகுதான் கேக் வெட்ட வேண்டும். அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இந்த முறை தவறினதே இல்லை. ஸ்பானிஷ் டீச்சர் ஆர்லீன் கோவாரிக் விஷயத்தில் புகழ்ச்சி கொஞ்சம் கை மீறிப் போனது, அவ்வளவுதான்.

ஆர்லீன் இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம். மார்னிக்காகத்தான் கிளம்பினார். அவரிடம் படித்து, அந்தப் பாஷையை நிஜமாகவே கற்றுக்கொண்ட பெண் ஊரில் அவள் ஒருத்திதான். வாத்தியார் படிப்பையும் முடித்துவிட்டு, தீவனக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டு இந்த வேலைக்காகக் காத்திருந்தாள்.

விழாவுக்குத் தலைமையாசிரியர் டேரல் ஷ்ராமும் பள்ளி வாரியத்தாரும் அகலமான மெக்சிகோத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். மெக்சிகோக்காரர் பேசும் பாஷைக்கு மரியாதை செய்கிறார்களாம். மேடையேறிய ஒவ்வொருவரும் டீச்சர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேக் வெட்டினதும் டேரல் ஒரு தீர்மானம் வாசித்தார்: "மேற்படி இடத்தை எவராலும் நிரப்ப இயலாது என்பது பொதுமக்கள் முன்னிலையில் ஐயமற நிறுவப்பட்டுவிட்டபடியால், அவ்விடம் இனி நிரப்பப்பட மாட்டாது."

வாரியத்தார் கை தூக்கினார்கள். நாங்கள் கை தட்டினோம்.

"அப்ப மார்னி?" என்று ஆர்லீன் கேட்டார்.

டேரல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "உங்க நாற்காலியில இன்னொருத்தியை உட்கார வெச்சா உங்களுக்குத்தானே டீச்சர் அவமானம்? பிள்ளைங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர டேப்லெட் வாங்கியாச்சு. டேப்லெட் நாற்காலியில உட்காராது."

"அப்படின்னா நான் போகல. திங்கக்கிழமை வகுப்புக்கு வர்றேன்."

"யாராலயும் முடியாதுன்னு தீர்மானம் ஆயிடுச்சே. அதுல நீங்களும் அடக்கம்தானே? கேக் வேற வெட்டியாச்சு."

ஆர்லீன் மைக்கைப் பிடித்தார். ஸ்பானிஷில் ஆரம்பித்தார். அத்தனை வருஷமும் தொண்டைக்குள் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார். என்ன சொன்னார் என்று மார்னி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்: கழுதைகளா, ஒரு பாஷையைக் கொன்றுவிட்டு அதன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழவு வீட்டில் கேக் தின்கிறீர்கள்.

அரங்கம் முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. வாரியத்தார் அத்தனை பேரும் அவரிடம் நாலு வருஷம் ஸ்பானிஷ் படித்தவர்கள். அவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். டேரலுக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன உருக்கமான பேச்சு, இப்படி ஒருத்தர் இனிமேல் கிடைப்பாரா, தீர்மானம் எவ்வளவு சரி பாருங்கள் என்றார்.

மார்னி டீச்சரை ஓரமாக அழைத்துப் போய் உட்கார வைத்தாள்.

"ஒருத்தனுக்கும் ஒரு வார்த்தை புரியல டீச்சர். இவங்களை எல்லாம் பாஸ் போட்டது யாரு?"

ஆர்லீன் மீதிக் கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான். பெயில் போட்டா பசங்களை வெள்ளிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் ஆட விடமாட்டாங்க. ஊரே என் வாசல்ல வந்து நிக்கும்டி."

"ஜெயிச்சாங்களா?"

"எங்க ஜெயிச்சாங்க."