நடுவில் நில்லாத மலை

கழுத்தில் கேமராக் கருவார் அணிந்தோனே, முக்காலி சுமந்த திண்தோளனே, இரண்டே நாள் வகுப்பில் ஒளிக்கலையைக் கரைத்துக் குடித்தோனே, மூன்றாம் மாடிச் செவிலியின் கணவனே, ஆஸ்பத்திரி முழுதும் 'கேமரா மாப்பிள்ளை' எனப் பெயர் பெற்ற பெருந்தகையே, நின் புகழ் நிலைக்க! நின் பேட்டரி தீராதிருக்க!

அன்று தலைமைச் செவிலியர் முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் நாள். வெள்ளைச் சுவரின் முன்னே, வெள்ளுடைச் செவிலியர் பதினால்வர் புடைசூழ, அவர் நடுநாயகமாக வீற்றிருந்தார். பிரிவுபசாரப் பரிசு எதுவும் வேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஒரு படம் போதும் என்று கேட்டிருந்தார். ஷிஃப்ட் மாறும் இடைவெளி பத்தே நிமிடம்.

முதல் அழுத்திலேயே படம் அருமையாக விழுந்தது. பதினைந்து முகமும் பளிச்சென்றிருந்தன. சிரிக்கவே தெரியாதவர் என்று பெயரெடுத்த தலைவி சிரித்திருந்தார். ஆனால் நம் வீரன் முகத்தையா பார்த்தான்? கேமராவின் முதுகுத்திரையில் ஹிஸ்டோகிராம் என்னும் ஒளி வரைபடமாய் எழுந்து நின்ற மலையையன்றோ பார்த்தான்! அதன் இடக்கோடி இருளின் நாடு, வலக்கோடி ஒளியின் நாடு, மலை நடுவில் நிற்பதே அறம் என்று வகுப்பில் ஓதியிருந்தார்கள். இந்த மலையோ வலக்கோடியில் போய் ஒண்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சுவரையும் வெள்ளுடையையும் படம் பிடித்தால் மலை அங்கேதான் நிற்கும் என்பதை மூன்றாம் நாளுக்கு வைத்திருந்தார்கள் போலும்.

"யாரும் அசையாதீங்க. மலை நடுவுக்கு வந்தே ஆகணும்" என்று சூளுரைத்து, அந்தப் படத்தை அழித்தான்.

தொடங்கிற்று பெரும்போர். ஒளியைக் குறைத்தான், வெள்ளுடை அழுக்கேறிற்று, மலை அரைவிரல் நகர்ந்தது, அழித்தான். மீண்டும் குறைத்தான், ஜன்னலில் மாலை வெயில் பாய்ந்தது, மலை திமிறிக்கொண்டு வலப்புறமே ஓடிற்று, அழித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு திருகைத் திருகினான், முகங்களெல்லாம் காய்ச்சல்காரர் முகமாயின, அதையும் அழித்தான்.

"மொதல்ல எடுத்ததே நல்லாத்தானே இருந்துச்சு. மலைய விட்டுட்டு மூஞ்சியப் பாருங்க" என்றாள் மனைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

கட்டிய மனைவிக்குப் புரியாத கலை என்பதில் அவனுக்கு எத்தனை பெருமிதம்! ஏழாம் படுக்கையின் மணி ஒலித்தது, இருவர் விரைந்தனர். ஸ்ட்ரெச்சர் வந்தது, ஐவர் விரைந்தனர். ஷிஃப்ட் மாறிற்று, மற்றவரும் கலைந்தனர். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி மனைவியும் போனாள். கடைசிவரை காத்திருந்த தலைவி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குனிந்த தலை நிமிராத வீரனைப் பார்த்தார், உடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். திரையைவிட்டுக் கண்ணெடுத்தாலல்லவா அவனுக்குத் தெரியும்.

இறுதியாக ஒரு திருகு, ஒரு அழுத்து. ஆகா! ஆணவம் அடங்கி, வலக்கோடி துறந்து, இருபுறமும் ஒப்பச் சரிந்து, நட்டநடுவில் நின்றது மலை!

"வந்துருச்சு, எல்லாரும் வந்து பாருங்க" என்று முழங்கி நிமிர்ந்தான்.

எதிரே சுவரும் நாற்காலிகளும் இருந்தன. தலைமைச் செவிலியர் ஐந்து நாற்பது பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டார்.