கீரியும் பாம்பும் ஆடிய நவீன நடனம்

ஒரு காட்டில், எல்லா மிருகங்களும் செல்போன் வாங்கி முடித்திருந்த காலத்தில், ஒரு நடனக் குழு இருந்தது. அதை நடத்தியது கோமளவல்லி என்ற ஆமை. ஆமைக்கும் நடனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று காட்டில் சிலர் கேட்டார்கள். "இது நவீன நடனம். இதில் சும்மா நிற்பதும் ஓர் அசைவுதான்" என்று சொல்லி, கோமளவல்லி சாயங்காலம் வரை நின்று காட்டியது. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

குழுவில் பல தேசத்து ஜீவன்கள் இருந்தன. பாலைவனத்திலிருந்து வந்த ஒட்டகம் பன்வாரி இருந்தது. சுற்றுலா வந்து ஊர் திரும்ப மறந்துபோன ஒரு கங்காருவும் இருந்தது. ஆனால் குழுவின் பெருமை, மருதையன் என்ற கீரியும் அஞ்சலை என்ற நல்லபாம்பும்தான். இரண்டும் ஜோடியாக ஆடின.

வரப்போகும் புதிய நிகழ்ச்சியின் உச்சக்கட்டத்தில் அஞ்சலை மருதையனின் கழுத்தைச் சுற்றி ஏறி, தலைக்கு மேல் படம் விரிக்க வேண்டும். முதல் ஒத்திகையில் இரண்டுமே பயத்தில் மயங்கி விழுந்தன. போகப் போகப் பழகிவிட்டன. மருதையன் டிபன் பாக்ஸில் முட்டை கொண்டுவந்தால் அஞ்சலைக்குப் பாதி கொடுத்தது. ஏறும்போதெல்லாம் அஞ்சலை, "மீசை கூசுதுண்ணே" என்று சிரித்தது.

எல்லாம் சரி. டிக்கெட்தான் விற்கவில்லை.

அரங்கத்தின் மேலாளர் ஒரு நரி. அது வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டது.

"டீச்சர், ஒற்றுமைய யாரு காசு குடுத்துப் பார்ப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள பாதி அரங்கமாவது நிரம்பலன்னா, முயலுங்களோட பட்டிமன்றத்துக்குக் குடுத்துடுவேன்."

"என்ன தலைப்பு?"

"கேரட் பச்சையா சிறந்ததா, பொரியலா சிறந்ததா? இப்பவே ஆள் தள்ளுமுள்ளு."

கோமளவல்லி விற்காத டிக்கெட் கட்டை எண்ணிப் பார்த்தது. இந்த நிகழ்ச்சி நின்றால் குழுவே கலைந்துவிடும்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு கிளி ஜன்னல் வழியாக ஒத்திகையைப் படம் பிடித்தது. அஞ்சலை கழுத்தைச் சுற்றும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, சிரிக்கும் இடத்தை விட்டுவிட்டு, 'நடனம் என்ற பெயரில் கொலை முயற்சி!' என்று தலைப்புப் போட்டு அனுப்பியது. வெயில் தாழ்வதற்குள் காடு முழுக்கப் பார்த்துவிட்டது.

மறுநாள் டிக்கெட் கவுண்டரில் கூட்டம். ஒரு பக்கம் மருதையனின் சொந்தக்காரக் கீரிகள் வரிசையில் நின்றன. இன்னொரு பக்கம் அஞ்சலையின் உறவுக்காரப் பாம்புகள் வரிசையில் படுத்தன. எந்த வால் எந்தத் தலையுடையது என்று தெரியாமல் நரி திண்டாடியது. ஆனாலும் டிக்கெட் தீர்ந்தது.

அஞ்சலைக்கு அதன் பெரியப்பா போன் செய்தது.

"அந்தக் கீரிப் பயல மேடையிலயே ஒரே போடா போட்டுடு. இல்லன்னா இந்தப் புத்துக்குள்ள கால் வைக்காத!"

"பெரியப்பா, எனக்குக் கால் இல்ல."

"எதுத்துப் பேசாத!"

அஞ்சலை அழுதுகொண்டே கோமளவல்லியிடம் போனது. "டீச்சர், நாங்க சண்டை போடல, அது டான்ஸுதான்னு எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கோமளவல்லி வாசலில் தொங்கிய 'அரங்கம் நிறைந்தது' பலகையைப் பார்த்தது. பிறகு தலையை மெதுவாக ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"நிகழ்ச்சி முடியட்டும்மா, சொல்லிடலாம்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. இடப்பக்கம் முழுக்கக் கீரிகள், வலப்பக்கம் முழுக்கப் பாம்புகள். நடுவில் இருந்த வழியில் ஓர் எறும்புகூட நடக்கவில்லை. ஒட்டகம் ஆடியது, கங்காரு ஆடியது, யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

உச்சக்கட்டம் வந்தது. மருதையன் போன்களைத் தூக்கிப் பிடித்த கூட்டத்தைப் பார்த்தது.

"அஞ்சலை, நிஜமா கடிச்சுட மாட்டியே?" என்று மெல்லக் கேட்டது.

அஞ்சலை அப்படியே நின்றுவிட்டது. "ஊரே கடிக்கச் சொன்னப்பகூட எனக்கு இப்படி வலிக்கலண்ணே."

மருதையனுக்கு வெட்கமாகிவிட்டது. அது கண்ணை மூடி, கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது. அஞ்சலை சுற்றி ஏறியது. அரங்கம் மூச்சை அடக்கியது. அஞ்சலை படம் விரித்தது, ஆடியது, பிறகு மெதுவாகக் குனிந்து மருதையனின் தலைமேல் தன் தலையைச் சாய்த்துக்கொண்டது. விளக்கு அணைந்தது.

ஒரு கைதட்டல் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றது ஒரு கிழட்டுக் கீரி.

"கடிக்கவே இல்லையே!" என்றது வலப்பக்கத்திலிருந்து பெரியப்பா பாம்பு.

"எங்காளும் கையை ஓங்கல. ரெண்டு தரப்பையும் நல்லா ஏமாத்திட்டாங்க, ஐயா."

"ஆமாங்க. இத சும்மா விடக்கூடாது. நீங்க முன்வாசல்ல போங்க, நாங்க பின்வாசல்ல வர்றோம்."

"எதுக்குத் தனித்தனியா? சேர்ந்தே போவோம்!"

கீரியும் பாம்பும் தோளோடு தோளாக மேடையில் ஏறின. பாம்புக்குத் தோள் இல்லை என்பதை அந்த அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. குழு முழுவதும் பன்வாரியின் முதுகில் தொற்றிக்கொண்டு ஓடியது. கோமளவல்லியை மட்டும் கங்காரு பைக்குள் போட்டுக்கொண்டது. ஆற்றைக் கடந்த பிறகுதான் நின்றார்கள். மருதையனும் அஞ்சலையும் ஒட்டகத் திமிலில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தன. டீச்சரோடு மட்டும் பேசவில்லை.

துரத்தி வந்த கீரிகளும் பாம்புகளும் ஆற்றைக் கடக்க முடியாமல் காட்டுப் பக்கக் கரையிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்தன. ஒன்றாக டீ குடித்தன. நடனக் குழுவைத் திட்டத் திட்ட அவர்களுக்குள் அப்படி ஒரு நெருக்கம் வந்தது. அங்கேயே 'ஏமாந்தோர் நலச் சங்கம்' தொடங்கி, பெரியப்பா பாம்பைத் தலைவராகவும் கிழட்டுக் கீரியைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தன. அன்றிலிருந்து அந்தக் காட்டில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டையே இல்லை.

கோமளவல்லியின் போன் அடித்தது. நரிதான்.

"டீச்சர், உங்க குழுவுல பூனையும் எலியும் இருக்கா?"

நீதி: பரம்பரைப் பகையாளிகளைச் சேர்த்து வைக்க அன்பைப் போதித்துக்கொண்டிருக்காதீர்கள். இரு தரப்புக்கும் டிக்கெட் விற்று ஏமாற்றுங்கள். வாசலில் ஓர் ஒட்டகம் தயாராக நிற்கட்டும்.